செத்தவீட்டிலிருந்து வந்த பனியன்

பேசினுக்குள் கையை விட்ட இந்திராதேவி, விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தாள். தண்ணீர் சிவந்து கிடந்தது.

நல்ல சிவப்பு. வாசலில் ஆலாத்தி சுற்றிக் கொட்டுகிற தண்ணீரின் சிவப்பு. அதன் நடுவில் கழுத்துப் பட்டி பிய்ந்த ஒரு பனியன் மிதந்துகொண்டிருந்தது. நேற்று வரைக்கும் அது வெள்ளைப் பனியன்.

அந்தக் கழுத்துப் பட்டியை அவளுக்குத் தெரியும். ஷிரொக்கோ கூடைப்பந்து அணியின் உடுப்பையெல்லாம் தோய்த்து மடிக்கிறவளுக்குத் தெரியாமல் போகுமா? அது தானோவின் பனியன். அணியின் கப்டன் தானோ, "சிஞ்ஞோரா, எதை வேண்டுமானாலும் தோயுங்கள், இதை மட்டும் தொடாதீர்கள்" என்று இரண்டு கையையும் கூப்பிக் கேட்டுக்கொண்ட பனியன்.

"ஐயோ, பிள்ளையாரே" என்றாள் இந்திராதேவி. கும்பிடக் கையைத் தூக்கினால் கையெல்லாம் நுரை.

போன கிழமை நாம் அவளை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? விளையாட்டு மண்டபத்து வாசலில், தானோவின் தோள்பைக்கு முன்னால். நேற்று, சித்தப்பாவின் செத்தவீட்டிலிருந்து நேரே வந்தவன், பையை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வராமலே திரும்பிப் போயிருந்தான். செத்தவீட்டுச் சாமான் துடக்குக் கழியாமல் வாசல் தாண்டலாமா? இந்திராதேவி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, பைக்குள் இருந்ததை அப்படியே பேசினுக்குள் கவிழ்த்தாள். மஞ்சளைக் கரைத்து ஊற்றினாள். துடக்கோடு அழுக்கும் போகட்டும் என்று சவர்க்காரத் தூளையும் அள்ளிப் போட்டாள்.

மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பயந்தவளுக்கு எது நினைவில் நிற்கும்? ஆணியில் தொங்கவேண்டிய பனியன் அந்தப் பைக்குள் எப்படி வந்தது என்பதும் அவளுக்கு விளங்கவில்லை.

ஷிரொக்கோ மார்கழி வரைக்கும் தோற்றுக்கொண்டே இருந்த அணி. அமெரிக்காவிலிருந்து வந்த நெட்டை ஆட்டக்காரன் நத்தார் பண்டிகைக்கு ஊருக்குப் போனான், போனவன் போனவன்தான். தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தானோ உள்ளே இந்தப் பழைய பனியனைப் போட்டுக்கொண்டு இறங்கினான். வென்றார்கள். அடுத்த ஞாயிறும் வென்றார்கள். அன்றிலிருந்து பனியனுக்குத் தண்ணீர் காட்டவில்லை. வாலில் கிடந்த அணி மெல்ல மெல்ல ஏறி, பிளேயாஃபுக்குள் நுழைந்து, அரையிறுதிக்கும் வந்துவிட்டது. எதிரணியோடு ஆளுக்கொரு வெற்றி. இன்று மூன்றாவது ஆட்டம், இங்கே பலேர்மோவில். வென்றால் இறுதி.

தோற்றால் என்ன என்பதைக் கழகத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கழகத்தை மூடுவார், மண்டபத்தைப் பூட்டுவார்.

அந்த மண்டபத்துப் பார்வையாளர் படிகளுக்குக் கீழே இருக்கிற இரண்டு அறையில்தான் காவலாளி சிவபாலனும், அவன் மனைவி இந்திராதேவியும், மகள் கேசிகாவும் குடியிருக்கிறார்கள். வேலையும் அதுதான், வீடும் அதுதான், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்குக் காட்டுகிற முகவரியும் அதுதான். ஊரில் விட்ட வீடு ஒன்று. வந்த புதிதில் கால்சாப் பகுதியில் ஒழுகிய கூரையோடு ஒன்று. இது மூன்றாவது. இதையும் தன் கையாலேயே பேசினுக்குள் ஊறப் போட்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

"அம்மா, என்ன இது? சாங்குவேயா?"

கேசிகா நித்திரைக் கண்ணோடு வந்து நின்றாள். பதினேழு வயது. பாதி வாயில் தமிழ், பாதி வாயில் பலேர்மோ.

"ரத்தமில்லை. மஞ்சள். சத்தம் போடாதை பிள்ளை."

கேசிகா குனிந்து பார்த்தாள். நித்திரை போய்விட்டது. "இது தானோன்ர எல்லே? மம்மா மீயா. அம்மா, இதைத் தோய்ச்சுப் போட்டீங்களோ?"

"நான் பாக்கேல்லை. பைக்குள்ளை இருக்குமெண்டு ஆர் கண்டது?"

"தோத்தால் எங்களைத்தான் சொல்லுவினம்."

"தெரியும்." இந்திராதேவி கையை உதறினாள். "அப்பா எங்கை?"

"மேலை. பிரெசிதெந்தே வந்திருக்கிறார். ஆரோ ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு."

தலைவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிற ஆளில்லை. ஆட்டம் தொடங்கிய பிறகு கைதட்டலோடு வந்து உட்காருகிறவர். பனியன் சங்கதி அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்திராதேவிக்கு விடிந்த பிறகும் பேயாகவே தெரிந்தது.

பனியனைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்தாள். "கொலெட்டிட்டைப் போட்டு வாறன். ஆரும் கேட்டால் சந்தைக்கெண்டு சொல்லு."

மண்டபத்திலிருந்து கொலெட் குடியிருக்கிற போர்கோ வெக்கியோ கூப்பிடு தூரம்தான். ஆனால் வழியில் ஒரு நீதிபதியின் வீட்டு வாசல். மாஃபியாக்காரரின் குண்டுகள் வெடித்த வருடத்திலிருந்து அங்கே துப்பாக்கியோடு பட்டாளத்துப் பெடியள் நிற்கிறார்கள். நல்ல பிள்ளைகள், பாவம், வடக்கத்தியப் பிள்ளைகள். பந்து அடிக்கிற வயதில் துவக்குப் பிடிக்கிறார்கள். இந்திராதேவி எத்தனை தடவை கண்டாலும் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவாள். இன்று கையில் ஒரு பை வேறு. பையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சிவப்பு வேறு.

ஒருவன் பார்த்தான். அவள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஊரில் இராணுவத்தின் சென்றிப் பொயின்ற்களில் படித்த பாடம் அது. முதுகு மட்டும் நனைந்துபோனது.

கொலெட் மொரீசியஸ்காரி. அவளுடைய பாட்டன் பூட்டன் தமிழர். காவடிப் பாட்டு அத்தனையும் மனப்பாடமாகத் தெரியும், 'தண்ணி கொண்டா' என்றால் விளங்காது. ஆகவே இந்த இரண்டு தமிழச்சிகளும் இத்தாலிய மொழியில்தான் நட்பு வைத்திருந்தார்கள். அந்தத் தெருவில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

கொலெட் பையைத் திறந்து பார்த்தாள். யாருடையதென்று தெரிந்து நெஞ்சில் கை வைத்தாள். பிறகு, கெட்டிக்காரி, கேள்வி கேட்காமல் கூடையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து வெட்டினாள்.

எலுமிச்சைப் புளி பட்ட இடமெல்லாம் சிவப்பு ஓடி மஞ்சளாயிற்று. மஞ்சள் மட்டும் அசையவில்லை.

"வெயிலில் போடு. கொஞ்சம் வெளுக்கும்" என்றாள் கொலெட். "ஆனால் தானோவிடம் சொல்லாதே. இந்த ஊர்க்காரருக்கு இது விளையாட்டில்லை. மேசையில் உப்புக் கொட்டினாலே பாதி நாள் முகம் கறுத்துக்கொண்டு திரிவார்கள்."

"பனியன் எங்கே என்று கேட்பானே."

கொலெட் உள்ளே போய் ஒரு வெள்ளைப் பனியனைக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் ஃபப்ரிஸினுடையது. அவன் கடற்கரைப் பக்கம் ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவுகிறவன். கழுத்துப் பட்டியைக் கொலெட் பல்லால் கடித்துக் கொஞ்சம் பிய்த்தும் விட்டாள்.

"இதைக் கொடு. தோய்க்காததுதான்" என்றாள்.

தோய்க்காதது என்பதற்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. பொரித்த மீன் வாசம் தெருவரைக்கும் வந்தது.

திரும்பி வந்த இந்திராதேவி, மண்டபத்தின் பின்பக்கத்துக் கொடியில், இரண்டு பெரிய துவாய்க்கு நடுவே தானோவின் பனியனைப் போட்டாள். அங்கே வெயில் நன்றாக விழும், கண் அதிகம் விழாது. ஆனால் அன்றைக்கென்று அங்கேயும் ஆள் வந்தது.

கழகத் தலைவர் முன்னால் வந்தார். பின்னால் கோட்டுப் போட்ட இருவர். ஒருவர் கையில் அளவு நாடா. கடைசியாக, சாவிக் கொத்தோடு சிவபாலன். இந்திராதேவி துவாய்க்குப் பின்னால் நின்றுகொண்டாள். மூச்சைக்கூட விடவில்லை. அவர்கள் கதவை அளந்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், என்னவோ சொல்லிச் சிரித்தார்கள், போனார்கள். தலைவர் போகும்போது சிவபாலனின் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டி அவள் கண்டதில்லை.

சிவபாலன் மட்டும் நின்றான்.

"இஞ்சேருங்கோ, ஆர் அவை?"

"மண்டபம் பாக்க வந்தவை."

"என்னத்துக்கு?"

"ஏதோ திருத்துறதுக்காக்கும்." அவன் கொடியைப் பார்த்தான். "இதென்ன மஞ்சள்?"

இனி ஒளித்துப் பயனில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பை, துடக்கு, சவர்க்காரம், கொலெட், ஃபப்ரிஸ். அவன் ஏசுவான் என்று நினைத்தாள். ஏசினால் தேவலை என்றும் நினைத்தாள்.

சிவபாலன் பனியனின் ஓரத்தைப் பிடித்து ஈரம் பார்த்தான். "காயட்டும்" என்றான்.

"அவ்வளவுதானோ? உங்களுக்குப் பயமாக் கிடக்கேல்லையோ?"

"நீர் பயப்பிடுறது காணும் ரெண்டு பேருக்கும்."

அவன் சாவிக் கொத்தைக் கிலுக்கிக்கொண்டு போய்விட்டான். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனுசன் இப்படித்தான், வீடு எரிந்தாலும் சுருட்டுப் பற்ற வைக்கத் தணல் இருக்கிறதா என்று பார்ப்பான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில், அவன் தன் கண்ணைப் பார்க்காமலே கதைத்துவிட்டுப் போனதை அவள் கவனிக்கவில்லை.

பின்னேரம் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே, நடையில், இந்திராதேவி தானோவின் தோள்பையோடு நின்றாள். பையும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காய்ந்ததுதான். உள்ளே ஃபப்ரிஸின் பனியன். பக்கத்தில் கேசிகா, தேவைப்பட்டால் மொழிபெயர்க்க. தேவைப்படக் கூடாது என்று இரண்டு பேருமே வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

பனியனை எடுப்பான், மூக்கில் வைப்பான், மீன் மணக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

தானோ வந்தான். சவரம் செய்யாத முகம். சட்டையில் துக்கத்துக்கு ஒரு கறுத்த பொத்தான். நெடிய ஆள், இன்று கூனி நடந்தான்.

"உங்கள் பை" என்று நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்தான். "அங்கேயே வையுங்கள் சிஞ்ஞோரா."

சுவரோரத்து வாங்குப் பலகையில் வைத்தாள்.

"உள்ளே பனியன் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"நீங்களே எடுத்து ஆணியில் மாட்டிவிடுவீர்களா?" கேட்கும்போது அவன் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது.

இந்திராதேவி அவனையே பார்த்தாள். இந்த நிலையை அவளுக்குத் தெரியும். நேற்று இதே பைக்கு முன்னால், இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றவள் அவள்தானே. இந்தப் பெரிய மனுசன் பயப்படுவது ஆட்டத்துக்கு இல்லை. பைக்குள் இருக்கிற சாவுக்கு.

கொலெட் சொன்னதெல்லாம் அந்த இடத்திலேயே மறந்துபோனது.

"தானோ, இது உங்கள் பனியன் இல்லை" என்றாள்.

"அம்மா" என்று கேசிகா அவள் கையைப் பிடித்தாள்.

"விடு பிள்ளை. சொல்லத்தான் வேணும்."

அவளிடம் இருந்தது அடுக்களைக்கும் சந்தைக்கும் போதுமான இத்தாலியம். துடக்கு என்பதற்கு அதில் சொல் இல்லை. "பையில் சாவு. நான் தோய்த்தேன். தெரியாமல். மஞ்சள் போட்டு" என்றாள். மிச்சத்தைக் கேசிகா சொன்னாள். அவள் குரல் எலிக்குஞ்சுக் குரலாகிவிட்டது. செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் முழுகாமல் வாசல் தாண்டுவதில்லை என்றும், உடுப்பும் அப்படித்தான் என்றும், அதற்கு மஞ்சள் தண்ணீர் என்றும், அம்மா வேண்டுமென்று செய்யவில்லை என்றும் சொன்னாள். கடைசியில், கேட்காமலே, ஃபப்ரிஸைப் பற்றியும் சொல்லிவிட்டாள்.

தானோ வாங்கில் உட்கார்ந்துவிட்டான். முகத்தில் இரத்தமே இல்லை. முடிந்தது கதை என்று நினைத்தாள் இந்திராதேவி. மேலே படிகளில் முதல் ஆட்கள் ஏறுகிற சத்தம் கேட்டது.

"முழுவதும் தோய்த்தீர்களா?" என்று கேட்டான்.

"முழுவதும்."

"நன்றாக அலசினீர்களா?"

"நல்லாக. பிறகு எலுமிச்சை. பிறகு வெயில்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மெல்லச் சொல்லத் தொடங்கினான். நீனோ சித்தப்பாதான் அவனைச் சின்ன வயதில் இந்த மண்டபத்துக்குக் கூட்டிவந்தவர். ஒரு ஆட்டத்தையும் விட்டவரில்லை. அவரோடு போகட்டும் என்று சித்தி கேட்டதால், பனியனைப் பெட்டிக்குள் அவர் கைக்குக் கீழே வைத்தான். மூடி போடுகிற நேரத்தில் இன்றைய ஆட்டம் ஞாபகம் வந்துவிட்டது. யாரும் பார்க்காத நொடியில் இழுத்து எடுத்துவிட்டான்.

"செத்தவரிடமிருந்து களவெடுத்தேன். கொடுத்ததைப் பறித்தேன். அதைப் போடவும் பயம், எரிக்கவும் பயம். பின்னால் வந்து கேட்பாரோ என்று கண்ணை மூட முடியவில்லை. இன்றைக்குப் பந்தையே பிடிக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன்."

கேசிகா தமிழில் சொன்னாள். இந்திராதேவிக்கு மெய்சிலிர்த்தது. அவளும் பயந்தவள்தான், ஆனால் இவ்வளவு பயத்தைத் தனியாகச் சுமந்ததில்லை. பின்பக்கம் போய்க் கொடியிலிருந்து பனியனை எடுத்துவந்தாள். வெயில் குடித்து அது இளமஞ்சளாகியிருந்தது. அவனுக்கு முன்னால் நீட்டினாள்.

"பிள்ளை, இதைச் சொல்லு. முழுகிப்போட்டு வந்தவையோடை ஆரும் கோவிக்க மாட்டினம். இது முழுகின உடுப்பு. சித்தப்பாவின்ர பங்கு தண்ணியோடை போயிட்டுது. மிச்சம் இவருக்குத்தான்."

தானோ கேட்டான். கனநேரம் பனியனைப் பார்த்தான். பிறகு விரல் நுனியால் தொட்டான். பிறகு வாங்கினான்.

"இதில் என்ன மணம்?"

"எலுமிச்சை" என்றாள் கேசிகா.

அவன் அதைப் போட்டுக்கொண்டான்.

இந்திராதேவி ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவளில்லை. அவள் குசினியின் கூரையே மேலே இருக்கிற படிகள்தான். ஆயிரம் பேரின் காலடியும் அவள் தலைக்கு மேலே. ஒரே சீராகக் கால்கள் தட்டினால் நம்மவர் முன்னால். இடி மாதிரி ஒரு தரம் விழுந்தால் கூடை. சலசலப்பென்றால் நடுவர் ஏதோ பிழைவிட்டிருக்கிறார். அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுப்பதை வைத்தே அவள் கணக்குச் சொல்லிவிடுவாள்.

பிள்ளையார் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் பாதியில் இடி அடிக்கடி விழுந்தது. இரண்டாம் பாதியில் குறைந்தது. பிறகு சலசலப்பு. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் அவளை உலுக்கியது. பங்கருக்குள் குந்தியிருந்த நாட்களில் ஷெல் விழுகிற சத்தத்தைவிட, விழுவதற்கு முந்திய அமைதிதான் பொல்லாதது. அதே அமைதி. அவள் தன்னையறியாமல் தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டாள்.

கேசிகா படியிறங்கி ஓடிவந்தாள். "அம்மா, ஒரு புள்ளி பின்னாலை. முடியப்போகுது. தானோவைத் தள்ளி விழுத்திப் போட்டாங்கள். அவருக்கு ரெண்டு எறி குடுத்திருக்கினம்."

"அவர் எப்பிடி நிக்கிறார்?"

"கழுத்துக்குள்ளாலை மஞ்சள் தெரியுது. நடுவர்கூடப் பாத்தவர், ஒண்டும் சொல்லேல்லை."

"நான் அதைக் கேக்கேல்லை. கை நடுங்குதோ?"

கேசிகா யோசித்தாள். "இல்லை அம்மா."

இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மேலே இடி. அலுமாரிக்குள் ஒரு கோப்பை சரிந்தது. மறுபடி அமைதி, முன்னதைவிட நீண்டது.

பிறகு கூரையே இடிந்து விழுவது போலச் சத்தம். சுண்ணாம்புத் தூள் அவர்கள் தலையில் கொட்டியது. கேசிகா கத்திக்கொண்டு மேலே ஓடினாள். இந்திராதேவி பிள்ளையாரைக் கும்பிட மறந்து அழுதாள். வீடு மிஞ்சிவிட்டது. வேலை மிஞ்சிவிட்டது. இனி ஒரு வருடத்துக்குக் கவலையில்லை. சிவபாலனிடம் சொல்லவேண்டும், அந்தக் கல்லுளிமங்கனும் இன்றைக்காவது சிரிக்கட்டும்.

அவனை மண்டபத்தின் இரும்புக் கதவடியில் கண்டாள். சனம் பாடிக்கொண்டும் கட்டிப்பிடித்துக்கொண்டும் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவன் ஒதுங்கி நின்றான். கையில் ஒரு புதுச் சங்கிலி. அதில் ஒரு புதுப் பூட்டு.

"இஞ்சேருங்கோ, வெண்டிட்டம். ஏன் இப்பிடி நிக்கிறீங்கள்? உதென்ன பூட்டு?"

"பிரெசிதெந்தே தந்தவர். சனம் போன உடனை போடட்டாம்."

"எங்கை போடட்டாம்?"

"இந்தக் கதவிலைதான்." அவன் சங்கிலியைக் கைமாற்றினான். "காலமை வந்தவை வடக்கிலை ஒரு ஊர்க்காரர். கழகத்தை வாங்கிட்டினம். வெண்டால் வாங்குவம், தோத்தால் வேண்டாம் எண்டு கதைச்சுக்கொண்டு போனவை. இறுதி ஆட்டமும் அங்கைதானாம். மண்டபத்தை அளந்து வேறை ஆருக்கோ விக்கினமாம். மாசம் முடிய நாங்கள் எழும்ப வேணும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தோத்தாலெல்லோ மூடுவன் எண்டு சொன்னவர்?"

"ஓம். தோத்தால் பூட்டுவார். வெண்டால் விப்பார். எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அதற்காவது அடிக்கிறவன் முகம் தெரியும்.

"காலமையே தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம்."

"நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தனீங்களோ? என்னட்டை?"

சிவபாலன் அன்றைக்கு முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. "நீர் விடிஞ்சது தொட்டு ஒரு பெனியனுக்குப் பயந்துகொண்டு நிண்டனீர். இதைவிட அந்தப் பயம் சின்னன். பின்னேரம் மட்டும் அதோடை இருக்கட்டுமெண்டு விட்டிட்டன்."

இந்த மனுசனைப் பற்றிக் காலையில் நினைத்ததையெல்லாம் நினைத்து இந்திராதேவிக்கு வெட்கமாக இருந்தது. அவனுடைய கையிலிருந்து சங்கிலியின் ஒரு முனையை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அது எதிர்பார்த்ததைவிடப் பாரமாக இருந்தது.

"தானோவுக்குத் தெரியுமோ?"

"ஒருதருக்கும் தெரியாது. இறுதி முடியுமட்டும் ஆட்டக்காரரிட்டை வாய் திறக்கக் கூடாதாம். திறந்தால் இந்த மாசமும் இல்லையாம்."

அப்போதுதான் சனத்தை விலக்கிக்கொண்டு தானோ வந்தான். தலையெல்லாம் வியர்வை. கட்டிப்பிடித்தவர்களின் வெள்ளைச் சட்டைகளில் எல்லாம் திட்டுத் திட்டாய் மஞ்சள். பனியனைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். சின்னப் பையன் போலச் சிரித்துக்கொண்டு அதை அவளிடம் நீட்டினான்.

"இறுதி ஆட்டம் வரைக்கும் இது உங்களிடம் இருக்கட்டும் சிஞ்ஞோரா. பெட்டிக்குள் வைக்கமாட்டேன், பைக்குள்ளும் வைக்கமாட்டேன். நீங்களே வைத்திருங்கள்."

அவள் வாங்கிக்கொண்டாள். பனியன் இன்னும் சூடாக இருந்தது. மற்றக் கையில் சங்கிலி குளிர்ந்தது. ஆட்டத்துக்கு முன்னால் தானோவிடம் ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் தோற்றவள் அவள். இப்போது சொல்லவேண்டியதோ உண்மை. பக்கத்தில் சிவபாலன் மெல்ல, மிக மெல்ல, தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

தானோ அவள் முகத்தைப் பார்த்தான். சிவபாலன் முகத்தைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது.

"யார் செத்தது?" என்று கேட்டான்.

மண்டபத்துக்குள் இன்னும் பாடிக்கொண்டிருந்தார்கள்.